இருக்கைக்குள் ஒரு கம்பி

பனி கொட்டும் ஊர்களில் காலையில் காரை எடுப்பவர்களுக்கு, சூடாகும் இருக்கை பெரிய ஆறுதல். எஞ்சின் சூடேறி ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்று வருவதற்குள் பாதி வழி போயிருக்கும். இருக்கையோ ஓரிரு நிமிடங்களில் முதுகுக்கு இதம் தந்துவிடும். அமெரிக்காவின் கேடிலாக் 1966 மாடலில் இதைக் கூடுதல் வசதியாகத் தந்தது. 1970களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் சாப் 99 காரிலும் வந்தது.

உள்ளே இருப்பது எளிய ஏற்பாடு. உறைக்கும் நுரை மெத்தைக்கும் நடுவே வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய கம்பி. சூடு அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள ஒரு தெர்மோஸ்டாட். ஏறி இறங்கும்போது தொடையும் முட்டியும் அழுந்தும் ஓரத்தில் கம்பி அறுவது வழக்கம்.

பழைய காரில் இதைச் சரிசெய்பவரின் கைப்பக்குவம் ரசிக்கத் தக்கது. முதலில் ஃபியூஸைப் பார்ப்பார். பிறகு மல்டிமீட்டர்: நல்ல கம்பி சில ஓம் காட்டும், அறுந்த கம்பியில் மின்சாரமே ஓடாது. உறையைப் பிடித்திருக்கும் சிறு வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, தோல் கிழியாமல் உரிப்பார். அறுந்த இடத்தைப் பெரும்பாலும் ஒரு பழுப்புக் கருகலே காட்டிக்கொடுக்கும். முனைகளைச் சுரண்டி இணைத்து, காப்புறை போட்டு, உறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் பூட்டுவார். பழுது பார்த்த சுவடே வெளியே தெரியாது.

நீங்களே செய்வதானால் இரண்டைக் கவனியுங்கள்: கம்பி பல இடங்களில் கருகியிருந்தால் ஒட்டுப்போடாமல் புதிதாக மாற்றுங்கள், இருக்கையில் ஏர்பேக் இருந்தால் பேட்டரியைக் கழற்றாமல் கை வைக்காதீர்கள்.