வேகம் யாருக்காக? – அஜைல் அறிக்கை: ஒரு மதிப்பீடு

சட்டை தைக்கக் கொடுத்தால் தையற்காரர் நாடாவை எடுத்து அளவு பார்க்கிறார். துணியை வெட்டுவதற்கு முன்பே சட்டை எப்படி வரும் என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோருக்கு இந்த வசதி கிடையாது. தமக்கு என்ன வேண்டும் என்பதே கேட்பவருக்குப் பல சமயம் முழுமையாகத் தெரிவதில்லை. செய்து கையில் கொடுத்த பிறகுதான், "இது இப்படி இருந்திருக்கலாமே" என்கிறார்.

இந்தச் சிக்கலைப் பற்றிப் பேச 2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்னும் மலை விடுதியில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடினர். கென்ட் பெக், மார்ட்டின் ஃபவுலர், வார்டு கன்னிங்ஹாம், கென் ஷ்வேபர் ஆகியோர் அவர்களுள் சிலர். அங்கே பிறந்ததுதான் அஜைல் அறிக்கை. 'அஜைல்' என்றால் சட்டென வளைந்து திரும்ப வல்லது என்று பொருள். இன்று மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேரும் இளைஞர் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே இச்சொல்லைக் கேட்டுவிடுகிறார். எனவே அந்த அறிக்கையை ஒருமுறை நிதானமாகப் படித்து எடைபோடுவது பயன் தரும்.

அறிக்கை மிகச் சிறியது. 4 விழுமியங்களும் 12 கோட்பாடுகளும் மட்டுமே கொண்டது. வேலை முறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்களின் உறவும் மேல். கட்டுக் கட்டான ஆவணங்களைவிட ஓடுகின்ற மென்பொருள் மேல். ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளருடன் கூடி உழைப்பது மேல். திட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பது மேல். இவைதான் அந்த நான்கு. திட்டமும் ஆவணமும் வேண்டாம் என்று அறிக்கை சொல்லவில்லை. எதற்கு முதலிடம் என்பதையே சொல்கிறது. சில வாரங்களுக்கோ சில மாதங்களுக்கோ ஒருமுறை, ஓடக்கூடிய ஒரு பகுதியைக் கொடுத்துவிட வேண்டும் என்பதும், அவ்வப்போது திரும்பிப் பார்த்துத் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதும் கோட்பாடுகளில் அடங்கும்.

அறிவியல் பயிலும் மாணவருக்கு இது புதிதாகத் தோன்றாது. திட்டம் என்பது ஒரு கருதுகோள். சிறிய சோதனை செய், விளைவைப் பார், கருதுகோளைத் திருத்து. நமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு தொடங்கும் இந்தப் பணிவே அறிக்கையின் உயிர்.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. எஃப்.பி.ஐ. என்னும் அமெரிக்கப் புலனாய்வுத் துறை, தன் வழக்குக் கோப்புகளைக் கணிப்பொறிக்கு மாற்ற முயன்றது. முதல் முயற்சி சுமார் 17 கோடி டாலரை விழுங்கி 2005-இல் கைவிடப்பட்டது. 2006-இல் 'சென்டினல்' என்ற இரண்டாம் முயற்சி தொடங்கியது. 2010-க்குள், ஒதுக்கிய 45.1 கோடி டாலரில் சுமார் 40.5 கோடி செலவாகியும், நான்கு கட்டங்களில் இரண்டு மட்டுமே கைக்கு வந்திருந்தன. அப்போது துறை வேலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, சிறு குழுவை வைத்து அஜைல் முறையில் நடத்தியது. இதிலும் காலதாமதம் இருந்தது. ஆனால் 2011 அக்டோபரில் ஊழியர்களையே பயன்படுத்தச் சொல்லிச் சோதித்தபோது, பொறிகளின் திறன் போதாது என்பது முன்கூட்டியே தெரிந்துவிட்டது. 2012 ஜூலையில் சென்டினல் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. குறையை விரைவில் கண்டுகொள்ள முடிந்ததே இம்முறையின் பெரும் பலன்.

இனிக் குறைக்கு வருவோம். அறிக்கையில் 'வாடிக்கையாளர்' என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. அவரை மகிழ்விப்பதே தலையாய கடமை என்கிறது முதல் கோட்பாடு. 'பயன்படுத்துவோர்' என்ற சொல்லோ ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அதுவும் வேலையின் வேகம் சீராக இருக்கவேண்டும் என்று சொல்லும் இடத்தில். இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. சட்டை தைப்பவரிடம் பணம் கொடுப்பவரும் அணிபவரும் பெரும்பாலும் ஒருவரே. மென்பொருளில் அப்படியில்லை. ஒரு மருத்துவமனைக்கான மென்பொருளை விலைக்கு வாங்குவது நிர்வாகம். இரவுப் பணியில் அதனோடு போராடுபவர் செவிலியர். நிர்வாகம் மகிழ்ந்துவிட்டால் அறிக்கையின்படி வேலை வெற்றி. செவிலியர் மகிழ்ந்தாரா என்று கேட்கச் சொல்லும் வரி அதில் இல்லை.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. எப்படிச் செய்வது என்பதை அறிக்கை நன்றாகச் சொல்கிறது. எதைச் செய்வது, எதை விடுவது என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. ஓடுகின்ற மென்பொருளே முன்னேற்றத்தின் முதன்மையான அளவுகோல் என்கிறது அது. நன்றாக ஓடும் வண்டி தவறான ஊருக்கும் போகலாமே! மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் புதிய யோசனைகளைப் பயனாளர்களிடையே முறைப்படி சோதித்த ஆய்வாளர்கள், 2009-இல் ஒரு கணக்கை வெளியிட்டனர். எந்த அளவை உயர்த்துவதற்காக யோசனை உருவாக்கப்பட்டதோ, அந்த அளவை உண்மையில் உயர்த்தியவை சுமார் மூன்றில் ஒரு பங்கே. மற்றவற்றை எவ்வளவு விரைவாகச் செய்து முடித்திருந்தாலும் பயன் என்ன?

அளவைத் தேர்வதும் ஒரு முடிவுதான். யூடியூப் நிறுவனம், படத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதற்குப் பதிலாக, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு 2012-இல் முதன்மை தந்தது. அளவுகோல் மாறினால் மக்கள் முன் வரும் படங்களும் மாறும். நெடுநேரம் பார்ப்பது பார்ப்பவருக்கு நல்லதா என்ற கேள்விக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் சோதனை விடை தராது. அதற்குத் தொலைநோக்கும் பொறுப்புணர்வும் வேண்டும்.

மூன்றாவது குற்றம் அறிக்கையுடையதன்று; அதைக் கையில் எடுத்தவர்களுடையது. இங்கே பழைய கதை ஒன்றை நினைவுகூரலாம். 1970-இல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற பொறியாளர் ஒரு கட்டுரையில், தேவையைக் கேட்டல், வடிவமைத்தல், நிரல் எழுதல், சோதித்தல் என்று படிப்படியாக இறங்கும் படம் ஒன்றை வரைந்தார். பின்னர் 'அருவி முறை' என்று பெயர் பெற்றது அதுதான். ஆனால் அப்படியே செய்தால் ஆபத்து என்றும், புதிய வேலையானால் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு மறுமுறை செய்வதே நன்று என்றும் அதே கட்டுரையில் அவர் எழுதியிருந்தார். பலர் படத்தை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

அஜைலுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. செய்யாமல் விடக்கூடிய வேலையைப் பெருக்குவதே எளிமை என்னும் பத்தாவது கோட்பாட்டை எத்தனை அலுவலகங்கள் நினைவில் வைத்திருக்கின்றன? காலையில் நின்றபடி கூட்டம், சுவரில் வண்ணத் தாள்கள், குழுவின் வேகத்துக்குப் புள்ளிகள் என்று சடங்குகள் மட்டும் பல இடங்களில் நிலைத்துவிட்டன. கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவரான டேவ் தாமஸே, அஜைல் என்ற சொல் பொருளிழந்து வணிகச் சரக்காகிவிட்டது என்று 2014-இல் எழுதினார்.

ஆகவே அறிக்கையைத் தள்ளிவிடலாமா? கூடாது. மென்பொருள் துறையில் பணிவைப் போதித்த நூல்களில் இதற்கு இடம் உண்டு. மாணவர்கள் மூலத்தையே படிக்க வேண்டும். ஆனால் படித்து முடித்ததும் அதன் அடியில் தம் கையால் ஒரு கேள்வியை எழுதிக்கொள்ளட்டும்: "இதைப் பயன்படுத்தப் போகிறவர் யார், அவர் வாழ்வில் இது எதைச் சீராக்குகிறது?" நாளை நிரல் எழுதப் போகும் இளைஞருக்கு மட்டுமன்று, கைபேசியில் ஒரு படிவத்தை நிரப்பத் திணறும் நம் ஒவ்வொருவருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்க உரிமை உண்டு.