பத்தில் முடியும் பன்னிரண்டு

ஃபிளமெங்கோ கிட்டாரைப் பற்றி நம் நண்பர்களிடம் பேச்செடுத்தால் இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் வரும். ஒன்று, "இது நம்ம தோடி ராகம்தானே, இந்தியாவுல இருந்து போனதுதான்." இரண்டு, "என்னா ஸ்பீடு பாத்தியா!" நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். முதுகலை ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் பகலில் எந்திர அதிர்வுகளை அளந்துகொண்டும் இரவில் கிட்டாரைப் போட்டு உருட்டிக்கொண்டும் இருந்தேன். அந்த வருடங்களில்தான் இரண்டு வாக்கியமும் பிழை என்று புரிந்தது. எப்படிப் புரிந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் தோடி. ஃபிளமெங்கோவின் அடிப்படைச் சுர வரிசை மேற்கில் ஃப்ரீஜியன் எனப்படுவது. காகிதத்தில் எழுதினால் அது எட்டாவது மேளகர்த்தாவான அனுமத்தோடியின் சுரங்கள்தான். ஆனால் காகிதத்தோடு அந்த ஒற்றுமை முடிந்துவிடுகிறது. தோடியில் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. அது அசைந்தால்தான் தோடி. அசையாமல் நேராகப் பிடித்தால் கேட்பவர் முகம் சுளிப்பார். ஃபிளமெங்கோவில் கதையே வேறு. ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்று நான்கு கார்டுகள் படிப்படியாக இறங்கி ஈ-யில் வந்து அமரும். அந்தக் கடைசிக் கார்டு மேஜர். அதாவது மெட்டு மேலே சாதாரண காந்தாரத்தில் போய்க்கொண்டிருக்கும்போது கீழே கார்டில் அந்தர காந்தாரம் ஒலிக்கிறது. தோடியிலும் அதற்கு இடமில்லை. அந்தர காந்தாரம் மட்டுமே உள்ள வகுளாபரணத்திலும் அதற்கு இடமில்லை. இரண்டு காந்தாரமும் ஒன்றோடொன்று உரசும் அந்த இடத்தில்தான் ஃபிளமெங்கோவின் கசப்பு இருக்கிறது.

ரோமா மக்களின் மூதாதையர் இந்தியாவின் வடமேற்கிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டவர்கள் என்பது உண்மை. ஆனால் ஃபிளமெங்கோ என்று நாம் கேட்பது தென் ஸ்பெயினின் ஆண்டலூசியாவில், பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஹிதானோக்களும் மற்ற ஏழை மக்களும் சேர்ந்து உருவாக்கியது. 'நம்மிடமிருந்து போனது' என்று சொல்லும்போது அந்த மக்கள் அங்கே பட்டதையும் அங்கே கண்டுபிடித்ததையும் ஒரே மூச்சில் அழித்துவிடுகிறோம். தோட்டத்திலிருந்து வந்த நமக்கு இது தெரிய வேண்டும். மலேசியத் தமிழரின் உறுமி மேளத்தைக் கேட்டுவிட்டு ஒருவர் "இதெல்லாம் எங்க ஊர்ல இருந்து வந்ததுதானே" என்று கடந்துபோனால் நமக்கு எப்படி இருக்கும்?

அடுத்து வேகம். பெரும்பாலோர் பாகோ தெ லூசியாவைச் சந்திக்கிற இடம் 'ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ' என்ற இசைத்தட்டு. 1980 டிசம்பர் 5 அன்று வார்ஃபீல்ட் அரங்கில் பாகோ, ஜான் மெக்லாக்லின், அல் டி மியோலா மூவரும் வாசித்தது. முதல் பாட்டிலேயே பாகோவும் டி மியோலாவும் மோதிக்கொள்கிறார்கள், கூட்டம் கத்துகிறது. எனக்கும் அதுதான் வாசல். இன்றும் அதை வெறுக்கவில்லை. ஆனால் அதை ஃபிளமெங்கோவின் உச்சம் என்று சொல்வது, தனி ஆவர்த்தனத்தை மட்டும் கேட்டுவிட்டு மிருதங்கம் என்றால் இதுதான் என்பதைப் போன்றது. ஜாஸ் பாணியில் அந்த இடத்திலேயே கற்பனை செய்து வாசிப்பது தனக்குச் சிரமமாக இருந்தது என்று பாகோவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த மேடையில் அவர் விருந்தாளி. அவருடைய வீடு வேறு இடத்தில் இருந்தது.

அந்த வீடு எது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. காரணம் என் படிப்பு. எந்தப் பிரச்சினையையும் எண்ணாக மாற்றினால் பாதி முடிந்தது என்று பழகியவன் நான். ஃபிளமெங்கோவின் தாளச் சுழற்சிக்குக் கொம்பாஸ் என்று பெயர். சொலேயா என்ற வகையில் அது பன்னிரண்டு எண்ணிக்கை. அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல் விழும். புலேரியாஸ் என்ற வேகமான வகையைப் பன்னிரண்டிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். அப்படித் தொடங்கினால் 'தகிட தகிட தக தக தக'. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. கூட்டினால் பன்னிரண்டு. இதைக் கண்டுபிடித்த இரவு விடுதி அறையில் துள்ளிக் குதித்தேன். ஸ்பானிஷ்காரன் ரகசியத்தை நம்ம சொற்கட்டால் திறந்துவிட்டேன் என்று நினைப்பு.

ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் கிளாசிக்கல் கிட்டார் சொல்லித்தரும் சீன அங்கிள் ஒருவரிடம் வாராவாரம் போவேன். பிறையிலிருந்து பட்டர்வொர்த் போய், ஃபெர்ரி ஏறி, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு. அவர் நேர்மையான மனுஷர். "உன் விரல்களுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு, மத்தத நீதான் தேடணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மத்ததை நான் கணக்கில் தேடினேன். மெட்ரோனோம் வைத்து, ஃபல்சேட்டா எனப்படும் சிறு சிறு மெட்டுத் துண்டுகளைப் பதினைந்து இருபது மனப்பாடம் செய்தேன். ஒரு பிழை இருக்காது.

நண்பனின் தம்பி ஓர் உறுமி மேளக் குழுவில் இருக்கிறான். தைப்பூசத்துக்கு முந்தைய மாதம் அவர்கள் பிறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். தகிட தகிட தக தக தக சொல்லிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டார்கள். நான் இரண்டு வாரம் கஷ்டப்பட்டது. கைதட்டச் சொல்லிவிட்டு வாசித்தேன். தாளம் தப்பவில்லை. ஆனால் எதுவோ சரியில்லை. தம்பிதான் கேட்டான்:

"அண்ணே, நீங்க எப்ப முடிக்கப் போறீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் பதில் இல்லை. காவடி எடுப்பவர் ஆடும்போது அவர் காலைப் பார்த்து அடிப்பவர்கள் அவர்கள். ஆடுபவர் தளர்ந்தால் இழுத்துப் பிடிப்பார்கள், உக்கிரம் ஏறினால் ஏற்றுவார்கள். நானோ யாரையும் பார்க்காமல் இரண்டு வருடம் தனியாக வாசித்தவன். ஃபிளமெங்கோவில் ஆடுபவர் "முடிக்கப் போகிறேன்" என்று காலாலேயே அறிவிக்கும் ஓர் அழைப்பு உண்டு, யமாடா என்பார்கள். அந்தச் சொல்லைப் படித்திருந்தேன். என் வாசிப்பில் அது இல்லை, ஏனென்றால் அழைக்க எனக்கு யாரும் இல்லை.

இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. நம் காது கோர்வை முடிந்து சமத்திலோ எடுப்பிலோ வந்து விழும் என்று காத்திருக்கும். சொலேயாவில் வாக்கியம் பத்தாவது எண்ணிக்கையிலேயே முடிந்துவிடும். பதினொன்றும் பன்னிரண்டும் மூச்சு விடும் இடம், அடுத்தவர் உள்ளே வருவதற்கான இடம். நான் கணக்குப்போட்டுச் சரியாகப் பன்னிரண்டை நிரப்பி, அடுத்த சுற்றின் ஒன்றில் போய் 'டொப்' என்று இறங்கிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை சரி, இலக்கணம் தப்பு. தகிட தகிட எனக்குப் பூட்டைத்தான் காட்டியது. திறந்துவிட்டேன் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஆய்வாளர் தான் ஆராயும் இசையைத் தானே வாசிக்கக் கற்க வேண்டுமா என்பது பழைய கேள்வி. அமெரிக்க இசை இனவியலாளர் மேன்டில் ஹூட் 1960-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் 'இரட்டை இசைமை' என்ற கருத்தை முன்வைத்தார். இருமொழியாளர் போல இரு இசைகளிலும் புழங்கும் திறன். கற்கத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் எனக்கு முழு உடன்பாடு. என் கேள்வி அதற்கு அடுத்தது. கற்பது என்றால் எந்த இருக்கையில் உட்கார்ந்து கற்பது?

நம் பக்கத்துக் கதை ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படித்த ஜான் ஹிக்கின்ஸ், 1960-களில் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்து, டி. விஸ்வநாதனிடம் பாட்டுக் கற்று, ஹிக்கின்ஸ் பாகவதர் ஆனார். அவரைப் பற்றி இன்றும் "வெள்ளைக்காரர் என்னமா பாடுறார்" என்றுதான் பேசுகிறோம். அது பாராட்டே இல்லை. ஆச்சரியப்படுவது ஒன்று, கேட்பது வேறொன்று. வராளியில் அவர் பாடிய பாபநாசம் சிவன் பாட்டைக் கண்ணை மூடிக் கேளுங்கள். சில இடங்களில் அதிகக் கவனமாக இருக்கிறார், சொல் தவறிவிடக்கூடாது என்ற எச்சரிக்கை தெரிகிறது. அதே நேரம் அவசரமே இல்லை. விளம்ப காலத்தில் ஒரு சொல்லை அதன் கனம் இறங்கும்வரை விட்டுப் பிடிக்கிறார். இந்தப் பொறுமை எங்கிருந்து வந்திருக்கும்? அவருடைய முனைவர் பட்ட ஆய்வு பரதநாட்டிய இசையைப் பற்றியது. டி. பாலசரஸ்வதியின் குடும்பத்தின் இசையை அருகிலிருந்து கற்றவர், ஆட்டத்துக்காகப் பாடப்படும் பாட்டைப் படித்தவர். அவர் 1984-இல் சாலையில் வாகனம் மோதி இறந்தார். வயது நாற்பத்தைந்து.

அதே வெஸ்லியனில் எல். சங்கர் 1974-இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுத் தலைப்பு, தென்னிந்திய வாய்ப்பாட்டுக்கு வயலின் பக்கவாத்தியம் வாசிக்கும் கலை. தனி வாசிப்பில் புயலாக இருக்கக்கூடிய ஒருவர் ஆராய எடுத்துக்கொண்டது இன்னொருவரைப் பின்தொடரும் வேலையை! எஸ். இராமநாதனும் அங்கே இருந்தார். சிலப்பதிகார இசையில் முனைவர் பட்டம் பெற்றவர். அவரிடம் வீணை கற்ற மாணவர்களில் ஒருவர் ஜான் மெக்லாக்லின். ஆம், சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் பாகோவுக்குப் பக்கத்தில் இருந்த அதே மெக்லாக்லின். சங்கரும் அவரும் சேர்ந்துதான் சக்தி குழு. அந்த வெள்ளிக்கிழமை மேடையில் வேகத்தை மட்டும் கேட்டவன், அதற்குப் பின்னால் ஒரு வீணை வகுப்பு இருந்ததை அறியாமலே போயிருப்பான். நான் அப்படித்தான் இருந்தேன்.

ஆக ஹிக்கின்ஸ் ஆட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், சங்கர் பாட்டுக்குப் பக்கத்தில். ஃபிளமெங்கோ மரபும் இதைத்தான் சொல்கிறது. கிட்டார்காரர் முதலில் ஆட்டத்துக்கு வாசிக்க வேண்டும், பிறகு பாட்டுக்கு, தனி வாசிப்பு அதன் பிறகு. நான் மூன்றாவதில் தொடங்கிவிட்டேன். ஆய்வு மாணவனுக்கு இது சௌகரியமான தவறு. தனி வாசிப்பைப் பதிவுசெய்யலாம், அளக்கலாம், திருத்தலாம். இன்னொருவருக்காகக் காத்திருப்பதை அளக்க முடியாது.

பாகோவின் வீட்டுக்கு வருகிறேன். 1969-க்கும் 1977-க்கும் இடையில் கமரோன் தெ லா இஸ்லா என்ற பாடகரோடு அவர் செய்த இசைத்தட்டுகள்தான் அந்த வீடு. அவற்றில் சொலேயாக்களை மட்டும் தேடிக் கேளுங்கள். பாகோ ஒரு ஃபல்சேட்டா வாசித்துவிட்டு ஒதுங்குகிறார். கமரோன் வரியை இழுக்கிறார், எங்கே இறங்குவார் என்று தெரியவில்லை. கார்டு மாறவேண்டிய இடம் காகிதப்படி வந்துவிட்டது. பாகோ மாற்றுவதில்லை. குரல் இறங்கும் நொடியில்தான் கை இறங்குகிறது. ஒரு நொடி முந்தியிருந்தால் பாடகரைத் தள்ளியதாகியிருக்கும். நல்ல வயலின்காரர் ஆலாபனையில் பாடகருக்கு ஒரு நூல் பின்னால் போவாரே, அதே கண்ணியம். உலகிலேயே வேகமான கைகளில் ஒன்று வாசிக்காமல் இருப்பதை அங்கே கேட்கலாம். எனக்கு இப்போது வெள்ளிக்கிழமை மேடையைவிட அது பெரிது.

ஆய்வறிக்கை முடிந்தது, பட்டம் வந்தது, இப்போது பிறையில் தொழிற்சாலை வேலை. கிட்டார் இன்னும் சுமார்தான். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போதெல்லாம் கிட்டாரை எடுக்குமுன் ஒரு சொலேயாவைப் போட்டுக் கைமட்டும் தட்டுகிறேன். பத்தில் நிறுத்திவிட்டு, பதினொன்றிலும் பன்னிரண்டிலும் சும்மா இருக்கப் பழகுகிறேன். உறுமிக்காரத் தம்பி போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவனும் தட்ட ஆரம்பித்தான். இந்த முறை அவன் எதுவும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிறுத்தினோம்.