சிவப்பு வெள்ளையில் சுவாரஸ்

உருகுவேயின் கால்பந்து ஃபார்வர்டு லூயிஸ் சுவாரஸின் ஆட்டத்தை முதல்முறை பார்ப்பவருக்கு அது அழகாகத் தெரியாது. பந்து அவர் காலில் ஒட்டி நிற்பதில்லை. முழங்காலில் பட்டுத் தெறிக்கும், கணுக்காலில் இடித்து விலகும், டிஃபென்டரின் காலில் மோதித் திரும்பும். ஆனால் அந்தக் குழப்பமெல்லாம் அடங்கும்போது பந்து மறுபடியும் சுவாரஸிடமே இருக்கும். எதிரணி ரசிகர்கள் அதை அதிர்ஷ்டம் என்றார்கள். நெதர்லாந்து, இங்கிலாந்து, ஸ்பெயின் என்று மூன்று நாட்டு லீக்குகளிலும் பதினைந்து வருடம் தொடர்ந்து கிடைத்த ஒன்றை அப்படிச் சொல்லித் தள்ளிவிட முடியாது. அது வித்தை.

அந்த வித்தையின் உள்ளே என்ன இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான ஃபார்வர்டுகள் டிஃபென்டர் இல்லாத பக்கம் பந்தைத் தள்ளுவார்கள். சுவாரஸ் டிஃபென்டரின் காலை நோக்கியே தட்டுவார். பந்து அந்தக் காலில் பட்டு எந்தப் பக்கம் தெறித்தாலும், தடுப்பவர் நின்று திரும்பியாக வேண்டும். சுவாரஸின் உடம்போ ஏற்கெனவே முன்னோக்கிக் கிளம்பியிருக்கும். அரை அடி முந்தினால் போதும், அவருக்கு வேலை முடிந்தது. இன்னொன்று, டிஃபென்டரின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறும் நொடியை அவர் கண் பிடித்துவிடும். அந்த நொடியில் இரண்டு கால்களுக்கும் நடுவில் ஒரு வழி திறக்கும். 2015 ஏப்ரலில் பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் பிரேசிலின் டேவிட் லூயிஸ் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை அப்படித் திறந்து கொடுத்தார். இரண்டு முறையும் பந்து அவர் கால்களுக்கு இடையே போனது, இரண்டு முறையும் கோலில் முடிந்தது. முதல் தடவையை டிஃபென்டரின் அசட்டை எனலாம். அதே ஆளிடம் மறுபடியும் அதையே செய்து காட்ட, பார்த்ததை நம்பும் துணிச்சல் வேண்டும்.

உடம்பை அவர் பயன்படுத்திய விதம் இன்னும் நுட்பமானது. உயரம் ஆறடி, அசாதாரண வேகம் கிடையாது. முதுகை டிஃபென்டரின் நெஞ்சில் சாய்த்து, இடுப்பால் அவரை அளந்துகொண்டே இருப்பார். நல்ல கபடி ஆட்டக்காரர், பிடிக்க வருபவரின் பிடியையே திரும்பி ஓடுவதற்கான உந்தாக மாற்றிக்கொள்வது போல, தன்னைத் தள்ளும் விசையிலேயே அவர் சுழன்றுவிடுவார். லிவர்பூல் சட்டையில் 2012 நவம்பரில் நியூகாஸில் அணிக்கு எதிராக அடித்த கோலில் இந்த வித்தை முழுதாக இருக்கிறது. ஹோசே என்ரிக்கே பின்னாலிருந்து தூக்கி அடித்த நீளமான பந்து வானத்திலிருந்து இறங்குகிறது. டிஃபென்டர் கொலொச்சினி தோளோடு தோள் ஒட்டி ஓடி வருகிறார். சுவாரஸ் ஓட்டத்தைக் குறைக்காமல் அந்தப் பந்தைத் தோளில் வாங்கி, அது தரைக்கு வருமுன் டிஃபென்டரைக் கழற்றிவிட்டு, கோல்கீப்பர் குருலையும் சுற்றிக்கொண்டு போய் உள்ளே தட்டினார். அந்த ஒரு தோள் தொடுகையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அவர் காலை முரட்டுக் கால் என்பவர்களுக்கு 2019 டிசம்பரில் மயோர்க்கா அணிக்கு எதிராக, கோலைப் பார்க்காமலே குதிகாலால் அவர் அடித்த கோலைக் காட்டலாம்.

இவ்வளவையும் தப்பான பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிவப்பு வெள்ளைச் சட்டைக்காரர்களான அத்லெடிகோ மாட்ரிட் ரசிகர்கள். 2014-ல் டியேகோ கோடின் தலையால் அடித்த கோலால், பார்சிலோனாவின் சொந்த மைதானத்திலேயே லீக்கை வென்றவர்கள் அவர்கள். அதே கோடையில் பார்சிலோனா சுவாரஸை வாங்கியது. பிறகு வருடா வருடம் அவர்களுக்குத் தலைவலி. 2016 ஜனவரியில் டானி ஆல்வெஸ் அனுப்பிய நீளமான பந்தை, தன் உருகுவே சகா ஹிமேனெஸைத் தோளால் தாங்கிக்கொண்டே வாங்கி, கோல்கீப்பர் ஓப்லாக்கைத் தாண்டி அடித்து வென்றார். அன்று அத்லெடிகோ ஒன்பது பேரோடு ஆட்டத்தை முடித்தது. ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக்கில் அத்லெடிகோவின் டோரஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகு சுவாரஸ் இரண்டு கோல் போட்டார். அவரே அன்று சிவப்பு அட்டை வாங்கியிருக்க வேண்டியவர் என்பது மாட்ரிட்காரர்களின் தீராத ஆத்திரம். நடுவரிடம் ஓயாமல் வழக்காடுபவர், தொட்டால் விழுபவர், கோபம் வந்தால் எல்லை மீறுபவர் என்றுதான் அவரை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

2020 செப்டம்பரில் அவர் அவர்களிடமே வந்து சேர்ந்தார். பார்சிலோனாவுக்காக 283 ஆட்டங்களில் 198 கோல் அடித்தவரை, புதிய பயிற்சியாளர் கூமன் ஒரு தொலைபேசி அழைப்பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்போது சுவாரஸுக்கு வயது 33. அந்த வருடத் தொடக்கத்தில்தான் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அத்லெடிகோ ரசிகர்களுக்கு முன்னால் இரண்டு கேள்விகள் நின்றன. இந்தக் கால் இன்னும் ஓடுமா? இந்த ஆளுக்காக நாம் கை தட்டலாமா?

முதல் கேள்விக்கு இருபது நிமிடத்தில் பதில் கிடைத்தது. கிரனாடாவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கியதுமே ஒற்றைத் தொடுகையில் லொரெண்டேவுக்குக் கோல் அமைத்துக் கொடுத்தார். பிறகு தாமே இரண்டு அடித்தார். இரண்டாவது கேள்வி அவ்வளவு சுலபமானது அல்ல. அதற்கு அந்த ரசிகர்கள் மெல்லக் கண்டடைந்த பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பணக்கார அண்டை வீட்டுக்காரனான ரியல் மாட்ரிட்டின் நிழலில் வளர்ந்த கிளப் அத்லெடிகோ. அடிபடுவதும் விட்டுக்கொடுக்காமல் நிற்பதும்தான் அவர்களின் பெருமை. அவர்களின் பயிற்சியாளர் சிமியோனே ஆட்டக்காரராக இருந்த காலத்திலேயே எதிரணியின் நரம்பைச் சீண்டுவதில் கைதேர்ந்தவர். ஃபோர்லான், கோடின், ஹிமேனெஸ் என்று உருகுவேக்காரர்களை வரிசையாகத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் சுவாரஸிடம் வெறுத்ததில் பாதி, தங்கள் வீட்டில் வளர்ந்த குணமே. வேறு சட்டையில் இருந்ததால் அடையாளம் தெரியவில்லை.

வெறுப்பு கண்ணைக் கெடுக்கும். எதிரணியில் இருப்பவர் விழுந்தால் நடிப்பு, பந்து தெறித்துக் கிடைத்தால் அதிர்ஷ்டம். நம் அணிக்கு வந்துவிட்டால் அதே ஓட்டத்தை வாரா வாரம் பொறுமையாகப் பார்க்கிறோம். அந்த வருடம் அவர்கள் பார்த்தது ஓடிக் களைக்கிற சுவாரஸை அல்ல. ஓட்டத்தைச் செலவழிக்காமல் சேமித்து, பெனால்டி பெட்டிக்குள் ஒரு நிமிடத்துக்காகக் காத்திருந்தவரை. பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது நடப்பார், நிற்பார், டிஃபென்டரின் பார்வை பந்தின் பக்கம் போனதும் அவர் முதுகுப்புறம் இரண்டு அடி நகர்வார். வயது வேகத்தைத்தான் எடுத்துக்கொண்டது, கணிப்பைத் தொடவில்லை.

கடைசி இரண்டு வாரம் அதற்குச் சாட்சி. 2021 மே 16 அன்று ஒசாசுனாவிடம் பின்தங்கிப் பிறகு சமனான ஆட்டத்தை, 88-வது நிமிடத்தில் அடித்த கோலால் 2-1 என்று மாற்றினார். 22 அன்று வயாதோலித் ஊரில் மறுபடியும் ஒரு கோல் பின்தங்கி, கொரேயாவின் கோலால் சமன் ஆகியிருந்த நேரம். 67-வது நிமிடத்தில் எதிரணிக்காரர் ஒருவர் பின்னோக்கித் தவறாகத் தட்டிவிட்ட பந்து சுவாரஸுக்குக் கிடைத்தது. தனியாக ஓடிப்போய் அடித்தார். ரியல் மாட்ரிட்டை இரண்டு புள்ளியில் முந்தி, 86 புள்ளிகளோடு அத்லெடிகோ சாம்பியன். சுவாரஸின் லீக் கோல்கள் 21. மைதானத்துக்குள் ரசிகர்களுக்கு அனுமதி இல்லாத தொற்றுக் காலம் அது. அவர் புல்தரையில் உட்கார்ந்து, கைபேசியில் குடும்பத்தைப் பார்த்து அழுதார். பார்சிலோனா தன்னை மதிக்கவில்லை, அத்லெடிகோதான் கதவைத் திறந்தது என்று பேட்டியில் சொன்னார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருந்திய கண்ணோடு பார்ப்பது வேறு, பழைய கணக்கை அழித்துவிடுவது வேறு. 2010-ல் பாக்கல், 2013-ல் இவானோவிச், 2014 உலகக்கோப்பையில் கியெல்லினி என்று மூன்று பேரைக் களத்தில் கடித்தவர் சுவாரஸ். அதைவிடக் கனமானது 2011-ல் எதிரணியின் பட்ரிஸ் எவ்ராவை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தியது. அதற்கு இங்கிலாந்தில் எட்டு ஆட்டத் தடை விழுந்தது. அப்போது லிவர்பூல் அணியே சுவாரஸின் படம் போட்ட சட்டை அணிந்து ஆதரவு காட்டியது. ஒரு பெரிய கிளப்பின் அன்பு எவ்வளவு குருடாகும் என்பதற்கு அந்தச் சட்டைகள் சான்று. பல வருடம் கழித்து, 2019-ல், அன்று அந்த அணியில் ஆடிய ஜேமி கராகர் தொலைக்காட்சியில் எவ்ராவிடமே மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்டது சரி. தாமதமாகக் கேட்டாலும் சரி. 2010 உலகக்கோப்பையில் கானாவுக்கு எதிராகக் கோல் கோட்டில் நின்று கையால் தடுத்ததை நான் இந்த வரிசையில் சேர்ப்பதில்லை. அதற்கு ஆட்ட விதி சிவப்பு அட்டையும் பெனால்டியும் கொடுத்தது. கானாவின் கியான் அந்தப் பெனால்டியைத் தவறவிட்டார். கானா ரசிகர்களின் வலி நியாயமானது, ஆனால் அது ஆட்டத்துக்குள் முடிந்த கணக்கு. எவ்ராவுக்கு நடந்தது ஆட்டத்தின் கணக்குக்கு வெளியே, ஒரு மனிதருக்கு நடந்தது. எந்தக் கோலும் அதைக் கழுவாது.

எவ்ராவை நினைவில் வைத்துக்கொண்டே அந்தத் தோள் தொடுகையை ரசிக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்றே சொல்வேன். ரசிப்பவருக்கு அது சுலபமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

அத்லெடிகோ ரசிகர்கள் நேரில் உட்கார்ந்து அவரைக் கொண்டாட அடுத்த பருவம்தான் வாய்த்தது. 2021 அக்டோபரில் பார்சிலோனா அத்லெடிகோவின் மைதானமான மெட்ரோபொலிடானோவுக்கு வந்தது; தடையில் இருந்த கூமன் மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தார். முதல் கோலை லெமாருக்கு அமைத்துக் கொடுத்தது சுவாரஸ். இடைவேளைக்கு முன் லெமார் அதைத் திருப்பிக் கொடுக்க, கோல்கீப்பர் டெர் ஸ்டெகன் எதிரே சுவாரஸ் தனியாக நின்றார். உடனே அடித்திருக்கலாம். அடிக்காமல் ஒரு நொடி நிறுத்தினார். கோல்கீப்பர் ஒரு பக்கம் சாயும் வரை காத்திருந்து, பந்தை மறுபக்கம் அனுப்பினார். பழைய கிளப்பை மதித்து இரண்டு கைகளையும் கூப்பினார். அடுத்த நொடி விரல்களைக் காதில் வைத்துத் தொலைபேசி பேசுவது போல் காட்டினார். மைதானம் முழுக்க எழுந்து ஆர்ப்பரித்தது. கையசைவைப் பற்றித்தான் மறுநாள் எல்லாரும் பேசினார்கள். அடிப்பதற்கு முன் அவர் எடுத்துக்கொண்ட அந்த ஒரு நொடியைப் பற்றியும் பேசியிருக்கலாம்.