கம்பைலரின் வாயைக் கட்டலாமா?

லினக்ஸில் பழைய மென்பொருள் ஒன்றை மூலநிரலிலிருந்து பில்டு செய்பவர்களிடம் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. மேக் பாதியில் நிற்கும். பிழைச்செய்தியில் ஒரு வரியை எடுத்துத் தேடுவார்கள். எவரோ பரிந்துரைத்த ஃபிளாகை சிஃபிளாக்ஸில் சேர்ப்பார்கள். பிழை மறைந்துவிடும், பைனரி வந்துவிடும், வேலை முடிந்தது என்று எழுந்து போவார்கள். மூத்த நிரலர்கள் பலர் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஃபிளாக் போடுவது சில இடங்களில் சரியான வைத்தியம், சில இடங்களில் ஆபத்து. எது எங்கே என்று பிரித்துப் பார்க்காமல் போடுவதுதான் கோளாறு.

2020 மே மாதம் வெளிவந்த ஜிசிசி 10-ஐ எடுத்துக்கொள்வோம். அதுவரை ஒரு ஹெட்டர் கோப்பில் குளோபல் மாறி ஒன்றை எக்ஸ்டர்ன் இல்லாமல் எழுதி, அந்த ஹெட்டரைப் பத்து சி கோப்புகளில் சேர்த்தாலும் ஏன் என்று கேட்பார் இல்லை. பத்தையும் லிங்கர் ஒன்றாக இணைத்துவிடும். சி தரநிலை இதை ஒரு பரவலான நீட்சி என்று குறிப்பிடுகிறதே தவிர, விதியாக ஏற்கவில்லை. யூனிக்ஸ் கம்பைலர்கள்தாம் காலங்காலமாக அனுமதித்துவந்தன. ஜிசிசி 10 தன் இயல்பை மாற்றிக்கொண்டதும், நேற்றுவரை பில்டு ஆன மென்பொருள்கள் ‘மல்டிபிள் டெஃபினிஷன்’ என்று வரிசையாக விழுந்தன.

முறையான திருத்தம் சிறியது. ஹெட்டரில் எக்ஸ்டர்ன் சேர்த்து, ஒரே ஒரு சி கோப்பில் மாறியை வரையறுத்தால் போதும். ஆனால் ‘எஃப்காமன்’ ஃபிளாகைச் சேர்ப்பவரை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த நிரல் எந்தப் பொருளை நம்பி எழுதப்பட்டதோ, அந்தப் பொருளையே ஃபிளாக் திருப்பிக் கொடுக்கிறது. 2025-இல் வந்த ஜிசிசி 15, சி23-ஐ இயல்புநிலை ஆக்கியபோது நடந்ததும் இதுதான். பூல், ட்ரூ, ஃபால்ஸ் மூன்றும் மொழியின் சொந்தச் சொற்களாகிவிட்டன. தானே ஒரு பூலை டைப்டெஃப் செய்துவைத்திருந்த பழைய நிரல்கள் உடைந்தன. அவற்றுக்கு ‘ஜிஎன்யூ17’ என்று தரநிலையைக் குறித்துக் கொடுப்பது, நிரல் எழுதப்பட்ட காலத்தின் விதிப்படி அதைப் படி என்று கம்பைலரிடம் சொல்வதாகும். அதில் மறைப்பு எதுவும் இல்லை. கிட் பைசெக்ட் வழியாக ஒரு பழைய வழுவைத் துரத்துபவருக்கு இதைவிட்டால் வேறு வழியும் கிடையாது. ஒவ்வொரு பழைய கமிட்டையும் திருத்திக்கொண்டிருக்க முடியுமா?

எஃப்காமனிலும் ஒரு முள் உண்டு. இரண்டு கோப்புகளில் ஒரே பெயரில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மாறிகள் இருந்தால் அவற்றையும் அது சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடும். ஆகவே பிழைச்செய்தி காட்டும் இரண்டு இடங்களையும் ஒரு முறையாவது திறந்து பார்த்துவிட்டு ஃபிளாகைப் போடுவது நல்லது.

ஜிசிசி 14-இன் கதை வேறு. ஒரு ஃபங்ஷனை அறிவிக்காமலே அழைக்கும் வசதியை 1999-ஆம் ஆண்டின் சி99 தரநிலை நீக்கிவிட்டது. ஆனாலும் ஜிசிசி எச்சரிக்கையோடு விட்டுக்கொண்டே இருந்தது. கிளாங் 16 அதை 2023-இல் பிழையாக்கியது. ஜிசிசி 2024-இல் பின்தொடர்ந்தது. கால் நூற்றாண்டு அவகாசம் கொடுத்தும் ஏராளமான நிரல்கள் திருந்தியிருக்கவில்லை. இப்போது அவற்றை பில்டு செய்பவர்கள் ‘எஃப்பெர்மிசிவ்’ போட்டு, பிழையை மறுபடி எச்சரிக்கையாக இறக்கிக்கொள்கிறார்கள்.

இங்கே எதை மறைக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அறிவிப்பைக் காணாத கம்பைலர், அந்த ஃபங்ஷன் ஒரு இன்ட் தருவதாக அனுமானிக்கிறது. இன்ட் 32 பிட். இன்றைய கணினிகளில் பாயின்டர் 64 பிட். ஃபங்ஷன் உண்மையில் பாயின்டரைத் திருப்பினால், மேல்பாதி வெட்டுப்பட்டுக் கீழ்பாதி மட்டும் வந்துசேரும். இத்தனை நாள் ஓடியதே என்று கேட்கலாம். 32 பிட் கணினியில் இரண்டும் ஒரே அளவு என்பதால் ஓடியது. 64 பிட் லினக்ஸிலும் பல நிரல்கள் தற்செயலாகத் தப்பின. நிரல் நினைவகத்தின் அடிவாரத்தில் ஏற்றப்பட்டவரை, மாலக் கொடுத்த சிறு துண்டுகளின் முகவரிகள் 32 பிட்டுக்குள் அடங்கிவிட்டன. மேல்பாதி முழுக்கப் பூஜ்யம், வெட்டினாலும் இழப்பில்லை. பிறகு பாதுகாப்புக்காக, எந்த முகவரியிலும் ஏற்றக்கூடிய பிஐஇ முறையை விநியோகங்கள் இயல்பாக்கின. டெபியன் 2017-இல், அதன் 9-ஆம் பதிப்பில் அதைச் செய்தது. முகவரிகள் மேலே நகர்ந்தன, அதே நிரல் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று செத்தது. பழைய பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும், அந்தப் பழைய பொருளே தவறாக இருந்தால் என்ன பயன்? எஃப்காமன் நிரலர் சொன்னதை மதிக்கிறது. எஃப்பெர்மிசிவ் நிரலர் சொல்லாமல் விட்டதை ஊகத்தால் நிரப்புகிறது. என் கணக்கில் எல்லைக்கோடு இதுதான்.

இந்தக் கோட்டையும் குழப்பும் ஓர் இடம் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட். அது குட்டிக் குட்டிச் சோதனை நிரல்களை கம்பைல் செய்து, இந்த வசதி உண்டு, அது இல்லை என்று முடிவுகட்டும். பழைய சோதனை நிரல்களே ஹெட்டர் சேர்க்காமல் எழுதப்பட்டவை. புதிய கம்பைலர் அவற்றை நிராகரித்தால், கணினியில் இருக்கும் வசதியைக் கான்ஃபிகர் இல்லை என்று எழுதிவைத்துவிடும். பில்டு ஒரு பிழையும் இல்லாமல் முடியும், ஆனால் மென்பொருளில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். ஃபெடோரா, ஜென்டூ பராமரிப்பாளர்கள் ஜிசிசி 14-க்கு முன்பே தங்கள் தொகுப்புகளை அலசத் தொடங்கியதற்கு இந்த அச்சமும் ஒரு காரணம். புதிய ஆட்டோகான்ஃபால் ஸ்கிரிப்டை மறுபடி உருவாக்க முடியாதபோது, கான்ஃபிகர் கட்டத்துக்கு மட்டும் எஃப்பெர்மிசிவ் கொடுப்பதை நானே ஆதரிப்பேன்.

‘டபிள்யூ-எரர்’ விஷயத்தில் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. எச்சரிக்கை அனைத்தையும் பிழையாக்கும் அந்த ஃபிளாக் எழுதுபவரின் மேசையில் இருக்க வேண்டியது. வெளியீட்டுக் கோப்பில் அதை விட்டுவைத்தால், அடுத்த கம்பைலர் ஒரு புது எச்சரிக்கையைக் கற்றுக்கொண்ட அன்றே பயனரின் பில்டு உடையும். அதைத் தயங்காமல் அணைத்துவிடலாம். பழி எழுதியவரைச் சேரும்.

ஃபிளாக் தேடும் வழக்கத்தின் இன்னொரு குறை, தவறான வரியைத் தேடுவது. மேக் கடைசியில் சொல்லும் ‘எரர் 1’ எதையும் சொல்வதில்லை. மேக் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும்போது உண்மையான முதல் பிழை நூறு வரிகளுக்கு மேலே புதைந்திருக்கும். ஹெட்டர் கோப்பே கிடைக்கவில்லை என்றால், டெபியனில் பெயரின் இறுதியில் ‘டெவ்’ என்றும் ஃபெடோராவில் ‘டெவெல்’ என்றும் வரும் தொகுப்பை நிறுவ வேண்டும். ‘கில்டு’ என்று கம்பைலரே செத்திருந்தால் பெரும்பாலும் நினைவகம் போதவில்லை என்று பொருள். ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறிக்கும் மேக்கின் ஜே எண்ணைக் குறைத்தாலே தீரும். இவற்றுக்கு எந்த ஃபிளாகும் உதவாது.

எல்லாவற்றையும்விட, இப்படிப் போட்ட ஃபிளாகுகள் போட்ட இடத்திலேயே தங்கிவிடுகின்றன. சிஃபிளாக்ஸில் சேர்த்தது ஒரு கோப்புக்காக. அது எல்லாக் கோப்புகளுக்கும் பொருந்துகிறது. மூலநிரல் திருந்திய பிறகும் பில்டு ஸ்கிரிப்டில் கிடந்து, நாளை வரும் உண்மையான பிழையையும் சேர்த்து மூடுகிறது. ஆகவே ஃபிளாக் போடுகிறவர்கள், எந்தக் கோப்பின் எந்தப் பிழைக்காகப் போட்டோம் என்று அதன் மேலேயே ஒரு கமென்ட் எழுதிவையுங்கள். அந்தப் பிழையை மூலநிரலின் பராமரிப்பாளருக்கும் தெரிவியுங்கள். அறிவிக்கப்படாத ஃபங்ஷன் என்று வந்தால் மட்டும் ஃபிளாகை விட்டுவிட்டு ஹெட்டரைச் சேர்த்துவிடுங்கள். எந்த ஹெட்டர் என்பதைப் பல நேரங்களில் ஜிசிசியே அடுத்த வரியில் சொல்லிவிடுகிறது.