திரை விலகுமுன் தீர்ப்பா?

சித்திரப் படமொன்று இசை நாடகமாகிறது என்ற செய்தி கேட்டதுமே, ‘வரைந்த விலங்கை மனிதன் நடிப்பதா? இது வெறும் வணிகம்!’ எனத் தீர்ப்பளிப்போர் பலர். காணுமுன் கூறுவது திறனாய்வு ஆகுமா?

1994-இல் வெளிவந்த டிஸ்னியின் ‘லயன் கிங்’ படம், 1997-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடை ஏறியது. இயக்குநர் ஜூலி டேமோர் நடிகரை விலங்குத் தோலுக்குள் மறைத்தாரல்லர். சிங்க முகமூடியை முகத்தில் மாட்டாது தலைக்கு மேலே அமைத்தார்; மனித முகமும் விலங்கு முகமும் ஒருங்கே தெரிந்தன. கையிலும் காலிலும் மரக்கால் பூட்டி நடந்தோர் ஒட்டகச்சிவிங்கி ஆயினர். படத்தில் இல்லாத அழகு ஒன்று மேடையில் பிறந்தது. 1998-இல் சிறந்த இசை நாடகம் என்பது உட்பட ஆறு டோனி விருதுகள் கிட்டின.

ஆயின், 2006-இல் வந்த ‘டார்சான்’ மறு ஆண்டே நின்றுவிட்டது. ஐயுற்றோர் சொல் அங்குப் பலித்ததன்றோ எனலாம். பலித்தது உண்மையே. எனினும், இரண்டும் சித்திரப் படத்தின் வழி வந்தவை. இரண்டையும் அளித்ததும் ஒரே நிறுவனம். ஆகவே, மூலத்தை மட்டும் கொண்டு முடிவு கட்ட இயலாது என்பது தெளிவு.

ஐயம் கொள்ளுதல் தவறன்று. ஐயத்தைத் தீர்ப்பாக்குவதே தவறு. மேடைக்குரிய மொழி பிறந்ததா என்பதே வினா. அதற்கு விடை கூற வேண்டியது மேடையே.