சிறைப்புறம் நின்று கேட்பவர்கள்

சங்க அகப்பாடல்களில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள். தலைவன், செவிலி, பரத்தை, வழியில் எதிர்ப்பட்டவர்கள் என ஒவ்வொருவரும் தத்தம் வாயால் பேசுவார்கள். யார் எந்த இடத்தில் பேசலாம் என்பதைத் தொல்காப்பியம் வரையறுத்தே வைத்திருக்கிறது. களவுக் காலத்துப் பாடல்களில் இன்னோர் அருமையான ஏற்பாடும் உண்டு. தலைவன் சிறைப்புறத்தில், வேலிக்கு அப்பால் நிற்பான். அவன் நிற்பது தெரிந்தே தலைவி தோழியிடம் பேசுவாள். சொல்வது தோழியிடம், போய்ச் சேர வேண்டியது அவனிடம்.

ஊர் ஒப்பாத காதலைப் பல குரல்களில் கேட்கும் பழக்கம் அவ்வளவு பழையது. இன்று இயர்போனில் ஓடும் காதல் ஒலிநாவல்களையும் இந்த அளவுகோலால்தான் அளக்கத் தோன்றுகிறது. கேட்பவரை வேலிக்கு அப்பால் நிறுத்தி ஒட்டுக்கேட்க விடுகிறதா, இல்லை அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று நடிக்கிறதா?

முசரவாக்கம் முதலாகக் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், தறி வேலை நடக்கும் வீடுகளில், இந்த வடிவத்துக்கு ஓர் இயல்பான இடம் இருக்கிறது. நெசவில் கையும் காலும் கண்ணும் கட்டுப்பட்டுக் கிடக்க, காது ஒன்றுதான் சும்மா இருக்கிறது. முன்பு அதை வானொலி நிரப்பியது, இப்போது செல்போன். ராட்டையில் தார் சுற்றும் பெண் மாமியாருக்கும் மைத்துனருக்கும் நடுவில் உட்கார்ந்து காதல் நாவலின் அட்டையை விரிக்க முடியாது. இயர்போனை மாட்டிக்கொள்ளலாம். சாதி தாண்டிய காதல் என்றால் வீட்டில் வாயெடுக்கவே முடியாத ஊர்கள் நம்முடையவை. அங்கே அப்படியொரு கதை ஒரு பெண்ணின் காதுக்குள் மட்டும் ஓடுவதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். அதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுகிறவர்கள், அந்த வீடுகளில் ஒரு பெண்ணுக்குத் தனிமை என்பது எவ்வளவு அரிது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

குரல்கள் பலவாக இருப்பது இங்கே நடைமுறையிலும் உதவுகிறது. கோர்வைப் புடவையில் கரைக்குத் தனி நாடா. அதை வீசிக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். ஒரு காதை அவருக்கு விட்டுவைக்க வேண்டும். மிச்சமிருக்கும் ஒற்றைக் காதில் அரைகுறையாகக் கேட்டாலும், ஆளுக்கொரு குரல் இருந்தால் பேசுவது யார் என்று தடுமாற வேண்டியதில்லை. ஆனால் அதே தறியில் அச்சு அடிக்கும் ஓசை கிசுகிசுப்பை விழுங்கிவிடும். அந்தரங்கக் காட்சி முழுவதையும் மூச்சுக் குரலில் பதிவு செய்கிறவர்கள், கேட்பவர் எங்கே உட்கார்ந்து கேட்கிறார் என்று யோசிப்பதாகத் தெரியவில்லை.

யூடியூபில் கிடைக்கும் காதல் நாவல்களில் பெரும்பாலானவற்றை ஒரே ஒருவர் வாசிக்கிறார், பெரும்பாலும் ஒரு பெண். பல குரல் வடிவத்தைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் பாம்பே கண்ணன். நாடக மேடையிலிருந்து வந்தவர். கல்கியின் சரித்திர நாவல்களைப் பாத்திரத்துக்கு ஒரு குரலாக ஒலிநூலாக்கினார். அவற்றில் ‘சிவகாமியின் சபதம்’ காஞ்சியின் சொந்தக் கதை. சிற்பி மகளுக்கும் பல்லவ இளவரசனுக்கும் நடுவில் அந்தஸ்தும் அரசியலும் குறுக்கே நிற்கும் காதல். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆனதால் இப்போது யார் வேண்டுமானாலும் அவற்றை ஒலிவடிவில் கொண்டுவரலாம்.

அந்த நாவலே இந்த வடிவத்தின் பலவீனத்தையும் காட்டிக்கொடுக்கிறது. பல்லவ மன்னர் மகேந்திரவர்மர் வஜ்ரபாகுவாக வேடமிட்டு வருகிறார். பிக்கு நாகநந்தியும் சாளுக்கிய மன்னர் புலிகேசியும் உருவத்தில் ஒன்றுபோலவே இருப்பவர்கள். அச்சில் இந்த மர்மத்தைப் பெயர் ஒன்றே காப்பாற்றிவிடும். ஒலியில் ஒரே நடிகர் பேசினால் குட்டு உடைந்துவிடுகிறது. வேறு நடிகர் பேசினால் கேட்பவரை ஏமாற்றியதாகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்தது ‘என்றாள்’ தொல்லை. நடிகை தழுதழுத்துப் பேசி முடித்த மறுகணம், ‘என்று தழுதழுத்தாள்’ என்று கதைசொல்லி வந்து சொல்வார். கேட்டதையே மறுபடி கேட்கும்போது காதல் காட்சியில் கட்டிய சூடு அத்தனையும் இறங்கிவிடுகிறது. மூலத்தில் ஒரு சொல்லையும் வெட்டக் கூடாது என்ற மரியாதை புரிகிறது. ஆனாலும் பல குரலில் பதிவு செய்கிறவர் இந்தச் சொற்களை வெட்டத்தான் வேண்டும்.

பலத்தைப் பார்க்க வேண்டுமானால் தி. ஜானகிராமனிடம் போகலாம். ஆல் இந்தியா ரேடியோவில் பல்லாண்டுகள் வேலை பார்த்தவர். அவருடைய பாத்திரங்கள் பேச்சிலேயே உயிர் வாழ்பவர்கள். ‘மோகமுள்’ளில் யமுனா பாபுவைவிடப் பத்து வயது மூத்தவள். படிக்கும்போது அந்த வயது வித்தியாசம் நமக்கு அவ்வப்போது மறந்துபோகும். ஒருவரே வாசித்தாலும் மறந்துபோகும். முதிர்ந்த குரல் ஒன்றும் இளங்குரல் ஒன்றும் எதிரெதிரே பேசினால், அந்தக் காதலை ஊர் ஏன் ஒப்பாது என்பது ஒவ்வொரு வரியிலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். யாரும் எடுத்துச் சொல்லாமலே தடை அங்கே வந்து நிற்கிறது. ஒற்றை வாசிப்பால் இதைத் தரவே முடியாது. பெண் பாத்திரம் தன் ஆசையைத் தன் குரலிலேயே சொல்வதும் அப்படித்தான். ஆண் வாசகர் ஒருவர் குரலை மெலிதாக்கிக்கொண்டு யமுனாவாகப் பேசும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கதையின் கும்பகோணத்துப் பேச்சைச் சென்னைப் பேச்சாக மழித்துவிட்டால் இந்த லாபமெல்லாம் போய்விடும். குரல் தேர்வு செய்கிறவர்கள் வட்டார வழக்கை இன்னும் கவனிக்க வேண்டும்.

சூடான காட்சிகள் என்று விளம்பரப்படுத்தப்படும் தொடர்கள் பலவும் சறுக்குவது இன்னோர் இடத்தில். நடிகர்கள் இருவரும் பெரும்பாலும் தனித்தனியே பேசிப் பதிகிறார்கள். வெட்டி ஒட்டிச் சேர்க்கிறார்கள். ஒருவர் வாக்கியத்தை முடித்த பிறகே அடுத்தவர் தொடங்குகிறார். ஆசையில் பேசும் இருவர் அப்படிப் பேசுவதில்லை. ஒருவர் பேச்சில் மற்றவர் புகுவார், பாதியில் நிறுத்துவார். அந்தக் குறையை மறைக்க வயலினும் பெருமூச்சும் வந்து விழுகின்றன. அந்த இடத்தில் நாம் வேலிக்கு அப்பால் நிற்பவர்களாக இல்லை. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களாகிவிடுகிறோம். பத்து நிமிடத்துக்கு ஓர் அத்தியாயம், அடுத்ததற்குக் காசு என்று விற்கும் செயலிகளில் இது இன்னும் மோசம். முத்தத்துக்கு ஒரு நொடி முன்னால் அத்தியாயம் முடியும்படி கதையையே வளைக்கிறார்கள். கல்கியும் தொடராக எழுதியவர்தான். அவருடைய வாசகருக்கு நடுவில் ஒரு வாரம் இருந்தது. சிவகாமியைப் பற்றி அடுத்த வீட்டாரோடு சண்டை போட அந்த ஒரு வாரம் போதும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது மனதுக்குள் ஓடும் பேச்சு. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ (1966) நாவலையே எடுத்துக்கொள்ளலாம். வேத பாடசாலையில் படிப்பை முடித்த அப்பு வீடு திரும்பப் போகிறான். விதவையான இந்து தன் ஆசையை அவனிடம் கொட்டுகிறாள். பேசுவதெல்லாம் அவள்தான். அப்புவின் கலக்கம் பெரும்பாலும் கதைசொல்லியின் வரிகளில் இருக்கிறது. இதை மூன்று குரல்களாகப் பிரித்தால், இந்துவுக்கும் அப்புவுக்கும் நடுவில் கதைசொல்லி என்ற அந்நியர் ஒருவர் அந்த அறையில் வந்து உட்கார்ந்துவிடுவார். அந்த நெருக்கத்துக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல் கிடையாது. நான் இயக்குவதாக இருந்தால், அப்பு இருக்கும் பகுதிகளில் கதைசொல்லியின் வரிகளையும் அப்புவாக நடிப்பவரிடமே கொடுத்துவிடுவேன், நடிப்பில்லாமல் தாழ்ந்த குரலில் வாசிக்கச் சொல்லி. இந்துவாக நடிப்பவரை அதே அறையில், எதிரே உட்காரவைத்துப் பதிவு செய்வேன். இசை எதுவும் சேர்க்க மாட்டேன்.