படம் ஓடாத குற்றம் யாருடையது?

லினக்ஸ் கணிப்பொறியில் திரைப்படம் ஒன்றை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? சில வேளை ஒலி வரும், படம் வராது. விண்டோஸில் இத்தொல்லை குறைவு. உடனே, லினக்ஸ் பின்தங்கியது என்று தீர்ப்பளித்து விடுகிறோம். அத்தீர்ப்பு பாதி தவறு.

படக் கோப்புகள் இடத்தை மிச்சப்படுத்தச் சுருக்கப்பட்டவை. சுருக்கியதை விரித்துக் காட்டும் நிரலே கோடெக். எச்.264 போன்ற சுருக்கு முறைகளுக்குப் பேடண்ட் உரிமை உண்டு. மைக்ரோசாப்டும் ஆப்பிளும் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தி விடுகின்றன. இலவசமாக வழங்கப்படும் லினக்ஸுக்குக் கட்டணம் கட்டுவார் யார்? 2022-இல் ஃபெடோரா வெளியீட்டினர், வரைகலைச் சில்லின் துணைகொண்டு எச்.264, எச்.265 படங்களை விரிக்கும் வசதியைத் தம் தொகுப்பிலிருந்து நீக்கினர். சட்டத்திற்கு அஞ்சித்தான், திறமைக் குறைவால் அன்று. விண்டோஸ் மட்டும் என்ன? 2012-இல் வந்த விண்டோஸ் 8-இன் மீடியா பிளேயரில் டிவிடி ஓடவில்லை!

ஆயினும் லினக்ஸை முற்றிலும் மன்னிப்பதற்கில்லை. ஃபயர்பாக்ஸ் உலாவியில், படத்தை விரிக்கும் வேலையை இன்டெல் வரைகலைச் சில்லிடம் தாமாகவே ஒப்படைக்கும் ஏற்பாடு லினக்ஸுக்கு வந்தது 2023-இல், 115-ஆம் பதிப்பில்தான். விண்டோஸ் பயனருக்கு அது பல ஆண்டுகளாகவே கிடைத்தது. அதுவரை மையச் செயலியே அச்சுமையைத் தூக்கியது; மடிக்கணினி சூடேறியது, மின்கலம் விரைவில் தீர்ந்தது. கட்டணமில்லாத விபி9 முறைக்கும் இதே கதி என்பதால், இங்கே பேடண்டைச் சாக்குச் சொல்ல முடியாது.

நீங்கள் உபுண்டுவை நிறுவுவதாயின், கூடுதல் ஊடக வடிவங்கள் வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தில் மறவாமல் குறியிடுங்கள். பெரும்பாலான படங்கள் ஓடும்.